உலகக்கோப்பை வந்துச்சு, மார்க் ஷீட் எங்கே? வடசென்னை கேரமுக்கு ஒரு ரிப்போர்ட் கார்டு

இந்தியா ஒரு கிரிக்கெட் மேட்ச் தோத்தா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். அடுத்த பத்து நிமிஷத்துல உங்க வாட்ஸ்அப் குரூப்ல ஆளாளுக்கு கோச் ஆகிடுவாங்க. "அந்த ஓவரை பும்ராவுக்குக் கொடுத்திருக்கணும்", "அந்த ஷாட் இப்போ தேவையா?", "டீம் செலக்‌ஷனே தப்பு". ஜெயிச்சாலும் இதேதான். யாருக்கு எத்தனை மார்க், யாரை அடுத்த மேட்ச்ல உட்கார வைக்கணும் என்பது வரை அலசிக் காயப்போட்டுவிடுவோம்.

இப்போது ஒரு கேள்வி. 2024 நவம்பரில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த 6-வது கேரம் உலகக்கோப்பையில், புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த 17 வயது காசிமா மூன்று தங்கம் வென்றார். ஒற்றையர், இரட்டையர், குழு என மூன்று பிரிவுகளிலும் தங்கம். ஸ்டேட்டஸ் வெச்சோம், 'ஆட்டோ ஓட்டுநரின் மகள் சாதனை' என்ற செய்தியை ஃபார்வர்டு பண்ணினோம். ஆனால், அந்த ஃபைனலில் அவர் எப்படி ஆடினார் என்று யாராவது பேசினோமா? எந்த போர்டில் ஆட்டம் திரும்பியது? ரெட்டை எப்போது எடுத்தார்? எதிராளி எங்கே சறுக்கினார்?

பேசவில்லை. வெற்றியைக் கொண்டாடினோம், ஆட்டத்தைப் பார்க்கவில்லை. 2025 டிசம்பரில் மாலத்தீவில் நடந்த 7-வது உலகக்கோப்பையில் காசிமேட்டின் கீர்த்தனா தங்கங்களோடு திரும்பியபோதும் இதே கதைதான். அடுத்தடுத்த இரண்டு உலகக்கோப்பைகள், அடுத்தடுத்த தெருக்களிலிருந்து என்று சொல்லும் அளவுக்குப் பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளிலிருந்து இரண்டு சாம்பியன்கள். இதை வெறும் 'ஏழைப் பெண்ணின் வெற்றிக்கதை'யாக மட்டும் எழுதிக் கடந்துபோவது, அவர்களின் திறமைக்கு நாம் செய்யும் அவமரியாதை. ஒரு தேசிய அணியை எப்படி எடை போடுவோமோ, அப்படியே இந்த அணியையும் எடை போட்டுப் பார்ப்போம். பாராட்டு மட்டும் இல்லை, நெருடலான கேள்விகளும் வரும். ரெடியா?

முதலில், இது நீங்க ஆடுற கேரம் இல்லை

லீவு நாளில் நாம் ஆடும் ஆட்டத்தில் ஒயிட்டுக்கு ஒரு பாயின்ட், பிளாக்குக்கு ஒரு பாயின்ட், ரெட்டுக்கு 50 என்று கணக்கு இருக்கும். யார் எந்த காயினை வேண்டுமானாலும் போடலாம். சர்வதேச ஆட்டம் வேறு. பிரேக் எடுப்பவருக்கு ஒயிட், எதிராளிக்கு பிளாக். ஒன்பது ஒயிட், ஒன்பது பிளாக், ஒரு ரெட். உங்கள் ஒன்பதையும் முதலில் முடித்தால் போர்டு உங்களுடையது. போர்டில் மிச்சமிருக்கும் எதிராளியின் ஒவ்வொரு காயினுக்கும் உங்களுக்கு ஒரு பாயின்ட். ரெட்டை எடுத்து ஃபாலோவும் போட்டிருந்தால் கூடுதலாக மூன்று. 25 பாயின்ட் அல்லது எட்டு போர்டு, இதில் எது முதலில் வருகிறதோ அதோடு ஒரு கேம் முடியும். மூன்றில் இரண்டு கேம் எடுப்பவர் வெற்றியாளர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு போர்டில் அதிகபட்சம் 12 பாயின்ட். அதாவது, எதிராளியை ஒரு காயின்கூடப் போட விடாமல் ரெட்டோடு முடித்தால், இரண்டே போர்டில் 24. கிட்டத்தட்ட கேமே முடிந்தது. பிரேக் எடுத்தவர் தன் முதல் வாய்ப்பிலேயே ஒன்பது ஒயிட்டையும் ரெட்டையும் ஒரே மூச்சில் முடித்தால் அதற்குப் பெயர் 'ஒயிட் ஸ்லாம்'. எதிரில் இருப்பவர் ஸ்ட்ரைக்கரைத் தொடாமலேயே அந்த போர்டைத் தோற்றிருப்பார். பேட்டிங்கே கிடைக்காமல் மேட்ச் முடிவது மாதிரி!

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. உங்கள் ஸ்கோர் 22-ஐத் தொட்ட பிறகு ரெட்டுக்கான மூன்று பாயின்ட் உங்களுக்குக் கிடையாது. ஆனாலும், பின்தங்கியிருக்கும் எதிராளிக்கு அது கிடைத்துவிடக் கூடாது என்பதற்காக நீங்களே அதை எடுத்து ஃபாலோ போட வேண்டிய நெருக்கடி வரும். முன்னிலையில் இருப்பவர்தான் அங்கே தற்காப்பு ஆட வேண்டும். 'ரெட் எடு, ஹீரோ ஆகு' என்று ஆடுபவர்கள் சர்வதேச ஆட்டத்தில் சறுக்கும் இடம் இது.

இத்தனையும் உட்கார்ந்த இடத்திலேயே நடக்க வேண்டும். எழுந்து நின்று ஆங்கிள் பார்க்க முடியாது, நாற்காலியை வசதிக்கு நகர்த்த முடியாது. 15 கிராமுக்கு மேல் போகாத ஒரு ஸ்ட்ரைக்கர், 74 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு பலகை, கொஞ்சம் பவுடர். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் காயின் பாக்கெட் வாயில் நின்று உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

மார்க் 1: திறமைக்கு 10-க்கு 10

2024 ஒற்றையர் ஃபைனலில் காசிமாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் ரஷ்மி குமாரி. பீகாரைச் சேர்ந்தவர், மூன்று முறை உலக சாம்பியன், தேசியப் பட்டங்களை வரிசையாகக் குவித்தவர். கேரமில் அவர் பெயர், டென்னிஸில் செரீனா பெயர் மாதிரி. 17 வயதுப் பெண் தன் முதல் பெரிய மேடையில் அவரைத் தோற்கடிக்கிறார்.

இந்த வெற்றியின் எடை எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கேரமில் வயதானால் வேகம் குறைந்துவிடும் என்றெல்லாம் சொல்ல முடியாது. அனுபவம்தான் ஆயுதம். எந்த காயினை விட்டுவைக்க வேண்டும், எதிராளியின் பாக்கெட்டை எதைவைத்து அடைக்க வேண்டும், ரெட்டை எப்போது தொடவே கூடாது என்பதெல்லாம் பல ஆயிரம் போர்டு ஆடி வருவது. அந்த அனுபவத்தை ஒரு டீன் ஏஜ் பெண் தாண்டினார் என்றால், அவரும் அதே அளவு போர்டுகளைச் சின்ன வயதிலேயே ஆடி முடித்திருக்கிறார் என்று அர்த்தம்.

இரட்டையரில் தங்கம் என்பது தனிக்கதை. அங்கே உங்கள் பார்ட்னர் எதிரே உட்கார்ந்திருப்பார், இரண்டு பக்கமும் எதிரணி. நீங்கள் ஆடி முடித்ததும் வாய்ப்பு பார்ட்னருக்குப் போகாது, பக்கத்தில் இருக்கும் எதிராளிக்குத்தான் போகும். ஆட்டத்தின் நடுவே பார்ட்னருக்கு ஐடியா கொடுக்கவும் கூடாது. அதனால் 'நான் இதைப் போட முடியாவிட்டாலும் எதிராளிக்கு ஈஸியாக எதுவும் கிடைக்கக் கூடாது, என் பார்ட்னருக்கு மட்டும் வழி இருக்க வேண்டும்' என்று ஒவ்வொரு ஷாட்டிலும் மூன்று பேருக்காக யோசிக்க வேண்டும். ஒற்றையரில் ஜெயிக்கும் துணிச்சலும் இரட்டையரில் ஜெயிக்கும் நிதானமும் ஒரே ஆளிடம் இருப்பது அபூர்வம். மூன்று தங்கத்தின் உண்மையான அர்த்தம் அதுதான்.

அதே அணியில் தமிழ்நாட்டின் மித்ரா, நாகஜோதி ஆகியோரும் இருந்தார்கள். ஒரு தேசிய மகளிர் அணியில் இத்தனை பேர் ஒரே மாநிலத்திலிருந்து என்றால், அதை அதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாது. ஒரு சிஸ்டம் எங்கோ வேலை செய்கிறது.

அந்த சிஸ்டம் எங்கே இருக்கு?

அரசு அலுவலகத்திலும் இல்லை, ஏ.சி. அகாடமியிலும் இல்லை. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் எனச் சந்துக்குச் சந்து இருக்கும் கேரம் மன்றங்களில் இருக்கிறது.

இந்தப் பகுதி ஏன் கேரமுக்கு இத்தனை வாகானது என்று யோசித்தால், பதில் ஊரின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒரு பக்கம் துறைமுகம், மீன்பிடித் துறைமுகம். இன்னொரு பக்கம் எண்ணூர் வரை நீளும் தொழிற்சாலைகள், அனல்மின் நிலையங்கள், கன்டெய்னர் லாரிகளின் வரிசை. நடுவில் நெருக்கமான வீடுகள். கிரிக்கெட்டுக்கு கிரவுண்டு வேண்டும், டென்னிஸுக்குக் கோர்ட்டும் காசும் வேண்டும். கேரமுக்கு வேண்டியது ஒரு பலகை, மேலே ஒரு பல்பு, நான்கு ஸ்டூல். ஷிஃப்ட் முடிந்து வந்தவரும், ஐஸ் கட்டி ஏற்றிவிட்டு வந்தவரும், ஸ்கூல் விட்டு வந்த பையனும் ஒரே போர்டில் உட்காரலாம். படகுகள் கரையிலேயே நிற்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்திலும் பலகைக்கு ஓய்வு கிடையாது.

இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. பெரிய ஆட்டக்காரரோடு ஆட, சின்னப் பசங்களுக்குச் சிபாரிசு தேவையில்லை. ஸ்டேட் லெவல் பிளேயர் பக்கத்துத் தெருவிலேயே இருப்பார். தினமும் தன்னைவிட நன்றாக ஆடுபவரிடம் தோற்பதுதான் எந்த விளையாட்டிலும் சிறந்த கோச்சிங். வடசென்னைக்கு அது இலவசமாகக் கிடைக்கிறது.

மரிய இருதயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைக்காரர். 1991, 1995 என இரண்டு முறை உலக சாம்பியன், ஒன்பது முறை தேசிய சாம்பியன். 1996-க்கான அர்ஜுனா விருது பெற்றவர். 2008-ல் பிரான்ஸின் கான் நகரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் மகளிர் ஒற்றையர் பட்டத்தை வென்ற இளவழகி, வியாசர்பாடிக்காரர். இருதயம், இளவழகி, காசிமா, கீர்த்தனா என்று முப்பது வருடத்துக்கு மேல் அறுந்துபோகாத ஒரு சங்கிலி இது. இன்னொரு விஷயம் தெரியுமா? சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988-ல் தொடங்கப்பட்டதே சென்னையில்தான். ஃபிஃபாவுக்கு பாரிஸ் மாதிரி, கேரம் உலகத்தின் பிறந்த வீடு நம்ம ஊர்.

'வடசென்னை' படத்தில் தனுஷ் ஏன் கேரம் பிளேயராக வருகிறார் என்பது இப்போது புரிகிறதா? அது ஸ்டைலுக்காக வைத்த காட்சி இல்லை. ஆனால், அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்த நம்மில் பலருக்கு ஜெயில் சண்டை ஞாபகம் இருக்கிறது, ஜெயிலுக்குள் கேரம் போர்டு இருந்தது மறந்துவிட்டது. வடசென்னை என்றாலே நாம் எதை ஞாபகம் வைத்துக்கொள்கிறோம் என்பதற்கு இதுவே சாம்பிள்.

மார்க் 2: எதிரணியின் பலம்... இங்கேதான் சிக்கல்

சரி, நெருடலான பகுதிக்கு வருவோம். 'உலக சாம்பியன்' என்று சொல்கிறோமே, எவ்வளவு பெரிய உலகம்?

இதற்கு ரக்பியை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். இந்திய மகளிர் ரக்பி அணி 2018-ல்தான் 15 பேர் ஆட்டத்தில் முதன்முதலாகச் சர்வதேசக் களத்தில் இறங்கியது. அடுத்த வருடம், 2019 ஜூனில், மணிலாவில் சிங்கப்பூரை 21-19 என்று வென்றது. இரண்டே பாயின்ட் வித்தியாசம். அந்த அணியின் முதல் சர்வதேச 15-ஸ் வெற்றி அது. சுமித்ரா நாயக் கடைசி நிமிடங்களில் உதைத்த பெனால்ட்டிதான் ஆட்டத்தைத் தீர்மானித்தது. ரக்பி உலகின் கணக்கில் அது சின்ன வெற்றி. நியூசிலாந்துக்கோ இங்கிலாந்துக்கோ அந்த ஸ்கோர் செய்தியே இல்லை. ஆனால், உலகம் முழுக்க வேரூன்றிய, ஒலிம்பிக்கில் செவன்ஸ் வடிவத்தில் இருக்கிற ஒரு விளையாட்டில் முதல் படி ஏறுவது எத்தனை கஷ்டம் என்பதை அந்த இரண்டு பாயின்ட் சொல்கிறது.

கேரமில் நிலைமை தலைகீழ். உலகக்கோப்பை மகளிர் ஒற்றையர் ஃபைனலே இரண்டு இந்தியர்களுக்கு இடையில்தான் நடந்தது. கேரமைத் தெருவில் ஆடி வளரும் நாடுகள் என்று பார்த்தால் இந்தியா, இலங்கை, வங்கதேசம், பாகிஸ்தான், மாலத்தீவு என்று தெற்காசியாவோடு பட்டியல் பெரும்பாலும் முடிந்துவிடும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆடுபவர்களில் நம் பக்கத்திலிருந்து போனவர்கள் நிறைய. செஸ்ஸோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். 2022-ல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாட் ஓப்பன் பிரிவில் மட்டும் 186 நாடுகளின் அணிகள் ஆடின.

அதனால் காசிமாவின் தங்கம் குறைந்துவிடுகிறதா? இல்லை. கணக்கை மாற்றிப் போட வேண்டும், அவ்வளவுதான். கேரமில் உலகக்கோப்பை கடைசிப் பரீட்சை என்றால், அதைவிடக் கஷ்டமான பரீட்சை இந்திய அணிக்குள் நுழைவது. நேஷனல்ஸில் மகாராஷ்டிரா, பீகார், தமிழ்நாடு ஆட்டக்காரர்களைத் தாண்டி வருவதுதான் நிஜமான போர். ஜமைக்காவில் ஓட்டப்பந்தய வீரர்களுக்கு உள்நாட்டுத் தகுதிச்சுற்று எப்படியோ, அப்படி. அந்தப் போரில் ஜெயித்து அணிக்குள் வந்து, அந்தப் போரின் ராணியையே ஃபைனலில் வென்றார் என்பதுதான் காசிமாவின் உண்மையான சாதனை. 'உலகத்தையே ஜெயிச்சாங்க' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதைவிட, 'உலகத்திலேயே கஷ்டமான அணியில் இடம் பிடித்து, அதில் முதலிடம் வந்தார்' என்று சொல்வது இன்னும் பெரிய பாராட்டு.

ஆக, தனிநபர் திறமைக்கு முழு மார்க். ஆனால் 'இந்திய கேரம் உலகில் அசைக்க முடியாதது' என்ற பெருமைக்கு? அங்கே கொஞ்சம் கையைக் கட்டிக்கொண்டு யோசிக்கணும். ஏன் என்று கபடி சொல்லும்.

கபடி கற்றுக்கொடுத்த பாடம்

1990 முதல் 2014 வரை ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் ஆண்கள் கபடித் தங்கம் ஏழு முறையும் இந்தியாவுக்கே. 'நம்ம கேம், நம்மளை யார் அசைப்பா?' என்றிருந்தோம். 2018 ஜகார்த்தாவில் அரையிறுதியில் ஈரான் 27-18 என்று இந்திய ஆண்கள் அணியை வெளியேற்றியது. மறுநாள் மகளிர் ஃபைனலிலும் ஈரான் 27-24 என்று வென்றது. அந்த ஈரான் மகளிர் அணியின் கோச் யார் தெரியுமா? ஷைலஜா ஜெயின், ஓர் இந்தியர்.

ஈரான் எதையும் திருடவில்லை. ஆர்வத்தோடு கற்றுக்கொண்டது, நம் ஆட்களிடமே கற்றுக்கொண்டது. ப்ரோ கபடியில் அவர்களின் வீரர்கள் நம்மோடு ஆடி நம் பலவீனத்தைப் படித்துவைத்தார்கள். 2023 ஹாங்சோவில் இந்தியா இரண்டு தங்கங்களையும் மீட்டது உண்மை. ஆனால் ஆண்கள் ஃபைனல் 33-29, மகளிர் ஃபைனல் 26-25. வித்தியாசத்தைப் பாருங்கள். 'நம்ம கேம்' என்ற பழைய மெத்தனத்துக்கு இனி இடமில்லை.

கேரமிலும் இப்படி ஒரு மணி ஏற்கெனவே அடித்தது. 2012-ல் கொழும்பில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் ஆண்கள் ஒற்றையர் பட்டத்தை வென்றவர் இலங்கையின் நிஷாந்த பெர்னாண்டோ. யூடியூபில் ட்ரிக் ஷாட் பார்த்தே பயிற்சி எடுக்கும் காலம் இது. நம் சந்துகளில் மட்டும் இருந்த வித்தை இன்று எல்லோருடைய போனிலும் இருக்கிறது.

மார்க் 3: ஆட்டத்தைப் பதிவு செய்வதில் ஃபெயில்

ஒரு ரக்பி மேட்ச் முடிந்தால் எத்தனை டாக்கிள், எத்தனை மீட்டர் பந்தைக் கொண்டுபோனார்கள், எத்தனை பெனால்ட்டி கொடுத்தார்கள் என்று பட்டியல் வரும். செஸ்ஸில் குகேஷ் ஆடிய ஒவ்வொரு நகர்த்தலும் எழுத்தில் இருக்கிறது. நூறு வருடம் கழித்தும் ஒரு குழந்தை அதை எடுத்துப் படிக்கலாம். கேரமில்? பொதுவாக வெளியே வருவது போர்டு ஸ்கோரும், யார் எத்தனை ஸ்லாம் அடித்தார்கள் என்பதும்தான்.

எதையெல்லாம் எண்ணலாம் என்று பாருங்கள். பிரேக் எடுத்த போர்டுகளில் எத்தனை சதவிகிதம் வென்றார்? பிரேக் எதிராளியிடம் இருந்தபோது எத்தனை போர்டைத் தட்டிப் பறித்தார்? ரெட்டைத் தொட்ட முயற்சிகளில் எத்தனை முறை ஃபாலோ விழுந்தது? கடைசி இரண்டு காயின் இருக்கும்போது எத்தனை முறை சொதப்பினார்? இந்த நான்கு எண்கள் இருந்தால் போதும், ஓர் ஆட்டக்காரரின் பலமும் பலவீனமும் தெரிந்துவிடும். இதற்குப் பெரிய தொழில்நுட்பம்கூட வேண்டாம். போர்டுக்கு நேர் மேலே ஒரு போன், பக்கத்தில் ஒரு நோட்டு.

இது வெறும் ஆர்வக்கோளாறு இல்லை, இதில் காசும் அடங்கியிருக்கிறது. ஸ்பான்சர்கள் பார்க்க முடிகிற விளையாட்டுக்குத்தான் வருவார்கள். 2025 ஜூனில் மும்பையில் ரக்பி பிரீமியர் லீக் முதல் சீசன் நடந்தது. ஆறு அணிகள், வெளிநாட்டு நட்சத்திரங்கள், கேமராக்கள். ஜெயித்த அணி எது தெரியுமா? சென்னை புல்ஸ்! நம்ம ஊரில் தெருவுக்கு எத்தனை பேர் ரக்பி ஆடுகிறார்கள் என்று நீங்களே சொல்லுங்கள். ரக்பியைக் குறை சொல்லவில்லை. அந்த விளையாட்டு வளர்வது நல்லதுதான். ஆனால், ரக்பிக்கே சென்னை பெயரில் ஓர் அணியைக் கட்டி, டி.வி.யில் காட்டி, ஜெயிக்க வைக்க முடியும்போது, சென்னை உலகத் தலைநகராக இருக்கும் கேரமுக்கு அந்த வெளிச்சத்தில் பாதிகூட ஏன் இல்லை?

மார்க் 4: ஜெயிச்ச பிறகு என்ன?

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் உலக செஸ் சாம்பியன் ஆனார். தமிழ்நாடு அரசு உடனே 5 கோடி ரூபாய் அறிவித்தது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அதே வாரம் சோஷியல் மீடியா முழுக்க ஒரே கேள்வி: "அப்போ காசிமாவுக்கு?" பிறகு காசிமாவுக்கு 1 கோடி ரூபாய் ஊக்கத்தொகை வழங்கப்பட்டது.

இந்த ஒப்பீட்டில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. செஸ்ஸின் உலகம் பெரியது, போட்டி அகலமானது என்று மேலே நாமே பார்த்தோம். அதனால் இரண்டு தொகையும் ஒரே மாதிரி இருந்தாக வேண்டும் என்று அடம்பிடிக்க முடியாது. ஆனால், கேட்டவர்களின் கோபம் தொகையைப் பற்றியது மட்டும் இல்லை. ஒருவருக்கு அறிவிப்பு தானாக வருகிறது, இன்னொருவருக்கு ஊரே சேர்ந்து கேட்ட பிறகுதான் வருகிறது என்பதுதான் வலித்தது. விளையாட்டுக்கு விளையாட்டு தொகை வேறுபடலாம். ஆனால், எந்த வெற்றிக்கு எவ்வளவு என்பது முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்த விதியாக இருந்தால், யாரும் யாரோடும் ஒப்பிட்டுக் கையேந்த வேண்டியதில்லை.

இளவழகியின் கதை இந்த இடத்தில்தான் உறுத்துகிறது. 2008-ல் உலக சாம்பியன். வியாசர்பாடியிலிருந்து பிரான்ஸ் போய் ஜெயித்து வந்தவர். கேரமில் இதுவரை அர்ஜுனா பெற்றவர் மரிய இருதயம் மட்டுமே. அந்த விருது இளவழகிக்குக் கிடைக்கவில்லை, ரஷ்மி குமாரிக்கும் இல்லை. காசிமா ஜெயித்தபோது பலர் இளவழகி என்ற பெயரை முதல் முறையாகக் கேள்விப்பட்டார்கள். ஓர் உலக சாம்பியனை அவருடைய ஊரே 16 வருடத்தில் மறந்திருக்கிறது என்றால், காசிமாவும் கீர்த்தனாவும் 2040-ல் எங்கே இருப்பார்கள் என்ற பயம் வரத்தானே செய்யும்?

ஏற்கெனவே இருக்கும் வழிகளும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைவாய்ப்புப் பட்டியலில் கேரம் இருக்கிறது. பெட்ரோலிய நிறுவனங்கள், எல்.ஐ.சி., ரிசர்வ் வங்கி போன்றவை கேரம் அணிகளை வைத்திருக்கின்றன. ஒரு கேரம் பிளேயரின் வாழ்க்கையைத் தூக்கி நிறுத்துவது பெரும்பாலும் பரிசுப் பணம் இல்லை, இந்த வேலைதான். மாசச் சம்பளம் வந்தால்தான் தினமும் ஆறு மணி நேரம் பிராக்டிஸ் பண்ண முடியும். ஒரு கோடி ரூபாய் காசோலை போட்டோவில் பெரிதாகத் தெரியும். ஆனால், ஒரு குடும்பத்தின் இருபது வருட நிம்மதிக்கு நிரந்தர வேலைதான் ஆதாரம்.

பெண்களுக்கு இதில் இன்னொரு தடையும் சேர்கிறது. தெருமுனை மன்றத்தில் ராத்திரி பதினோரு மணி வரை ஆடும் பையனை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அதே நேரத்தில் ஒரு பெண் அங்கே உட்கார முடியுமா? அதனால்தான் சாம்பியன் பெண்களின் கதையில் பெரும்பாலும் ஓர் அப்பாவோ அண்ணனோ போர்டு பக்கத்திலேயே நிற்கிறார். அப்படி நிற்க ஆள் இல்லாத பெண்கள் எத்தனை பேர் ஆடாமலேயே போயிருப்பார்கள்? பகலில் திறந்திருக்கும், நல்ல விளக்கும் கழிப்பறையும் இருக்கும் மாநகராட்சி ஹால் ஒன்று வார்டுக்கு இருந்தால் இந்தக் கேள்வியே மாறிவிடும்.

ஃபைனல் ஸ்கோர்

ஆட்டத் திறமை: முழு மார்க். அடுத்தடுத்து சாம்பியன்களை உருவாக்கும் ஊரின் பலம்: முழு மார்க். எதிரணிகளின் அகலம்: பாதி மார்க், அது நம் வீராங்கனைகளின் தப்பு இல்லை. ஆட்டத்தைப் பதிவு செய்து உலகுக்குக் காட்டுவது: ஃபெயில். ஜெயித்தவர்களைத் தாங்கிப் பிடிப்பது: அரியர்ஸ் வைத்திருக்கிறோம், கிளியர் பண்ண இப்போதும் நேரம் இருக்கிறது.

கவனித்துப் பார்த்தால், முழு மார்க் வாங்கிய இடமெல்லாம் ஆட்டக்காரர்களும் அவர்கள் தெருவும் செய்த வேலை. மார்க் குறைந்த இடங்களில் இருப்பது அமைப்புகள், அரசு, மீடியா... அப்புறம் நாம்.

நாம் என்ன செய்யலாம்? அடுத்த முறை கேரம் நேஷனல்ஸோ உலகக்கோப்பையோ யூடியூபில் லைவ் வந்தால், ஒரு போர்டாவது முழுசாகப் பாருங்கள். ரெட்டை ஏன் இப்போது எடுக்கவில்லை என்று பக்கத்தில் இருப்பவரோடு சண்டை போடுங்கள். அந்த காயினைப் போட்டிருக்கணும் என்று குரூப்பில் கோச் ஆகுங்கள். கிரிக்கெட்டில் நாம் தினமும் செய்கிற அதே வேலைதான். திட்டினாலும் பரவாயில்லை, ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத் திட்டினால் அதுவே மரியாதை.

ரெட்டை பாக்கெட்டில் போட்டுவிட்டால் மட்டும் அது நம்முடையது ஆகிவிடாது என்பது கேரம் ஆடும் எல்லோருக்கும் தெரியும். அடுத்த ஷாட்டில் ஃபாலோ விழ வேண்டும். விழாவிட்டால் ரெட் திரும்பவும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். 2008-ல் இளவழகி எடுத்துக் கொடுத்த ரெட்டுக்கு நாம் ஃபாலோ போடவில்லை. காசிமாவும் கீர்த்தனாவும் இன்னொரு முறை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஸ்ட்ரைக்கர் இப்போது நம்ம கையில்.